மனுவும் மொழியும்

பிறருக்குச் சொந்தமான இடத்தில் உழைக்கும் ஒருவன், தன் மொழியிலேயே உழைக்க இடம் தரும்படி அவ்விடத்தின் உடைமையாளனிடம் கேட்கிறான். அவன் கேட்பது சலுகையா, உரிமையா? சப்ரகமுவ மாகாணத்துக்கு இக்கேள்வி புதிதன்று. கொழும்பிலிருந்து இரத்தினபுரி செல்லும் வீதியில் குருவிட்டவைச் சூழ்ந்துள்ள றப்பர், தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகக் கேட்கப்பட்டு வரும் கேள்வி அது. பிரதேச செயலகத்தில் ஒரு படிவம், பொலிஸ் நிலையத்தில் ஒரு முறைப்பாடு, வைத்தியசாலையில் ஒரு துண்டுச் சீட்டு என்று எதை எடுத்தாலும் இக்கேள்வி வந்து நிற்கும். இன்று அதே கேள்வி கணினித் துறையிலும் வேற்றுடை பூண்டு வந்திருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகள் சிலராவது கணினி கற்கத் தொடங்கிவிட்ட இக்காலத்தில், அதைக் கணினிக்காரர்களின் உள்வீட்டு விவகாரம் என்று தள்ளிவிட நம்மால் இயலவில்லை.

விடயம் இதுதான். ‘சேர்வர்லெஸ்’ என்று ஒரு கணினிச் சேவையைப் பெரும் நிறுவனங்கள் விற்கின்றன. ‘சேர்வர் இல்லாதது’ என்பது அச்சொல்லின் பொருள். நாம் ஒரு செய்நிரலை எழுதி அந்நிறுவனத்திடம் ஒப்படைத்துவிட்டால் போதும். அது ஓடவேண்டிய நேரத்தில், ஓடவேண்டிய அளவுக்கு, அவர்களுடைய இயந்திரங்களில் ஓடும். ஓடிய நேரத்துக்கு மட்டும் நாம் பணம் செலுத்தினால் போதுமானது. இயந்திரம் வாங்க வேண்டியதில்லை. பழுது பார்க்க வேண்டியதில்லை. இரவில் விழித்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் பெயரைச் சற்று உற்றுப் பாருங்கள். சேர்வர் உண்மையில் இல்லாமற் போய்விட்டதா? இல்லை. எங்கோ ஒரு மாபெரும் கட்டடத்தில் ஆயிரக்கணக்கான இயந்திரங்கள் சூடேறி இரைகின்றன. அவற்றைக் குளிர்விக்க நீரும் மின்சாரமும் செலவாகின்றன. மனிதர்கள் முறைவைத்துக் காவல் இருக்கிறார்கள். வாங்குபவனின் கண்ணுக்கு அவை தெரிவதில்லை என்பதே ‘இல்லை’ என்பதன் பொருள். இலண்டன் மாநகரில் தேநீர் அருந்தியவனுக்கும் கொழுந்து பறித்த கை இப்படித்தான் இல்லாமல் இருந்தது. உழைப்பை மறைப்பதையே பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் பெயர்களை நாம் எப்போதும் சற்று ஐயத்துடனேயே அணுக வேண்டியிருக்கிறது.

இச்சேவையில் ஒரு நிபந்தனை உண்டு. நிறுவனம் ஏற்றுக்கொண்ட செய்நிரல் மொழியில் எழுதப்பட்டதுதான் அங்கே ஓடும். கூகிள் நிறுவனம் 2008 இல் ‘ஆப் என்ஜின்’ என்ற சேவையைத் தொடங்கியபோது அங்கே பைதன் என்ற ஒரே மொழிக்குத்தான் இடமிருந்தது. அம்மொழியை ஆக்கிய கீடோ வான் ரோசம் அந்நாளில் அதே நிறுவனத்தில்தான் பணியாற்றினார் என்பதையும் இங்கே குறிப்பிடலாம். வீட்டில் ஆள் இருந்தால் மொழிக்கும் பாய் விரிக்கப்படுகிறது! உடனே வேண்டுகோள்கள் குவிந்தன. 2009 இல் ஜாவா வந்தது. 2011 இல் அந்நிறுவனமே உருவாக்கிய ‘கோ’ வந்தது. சிறிய இணையத்தளங்களைக் கட்டும் எளியவர்களின் மொழியாகிய பிஎச்பி 2013 வரை காத்திருந்தது. அமேசான் நிறுவனம் 2014 நவம்பரில் ‘லம்டா’ என்ற சேவையை அறிவித்தபோதும் இதே கதைதான். நோட் ஜேஎஸ் என்ற ஒன்றே முதலில் அனுமதிக்கப்பட்டது. அடுத்த ஆண்டில் ஜாவாவும் பைதனும், 2016 இல் சி ஷார்ப்பும், 2018 தொடக்கத்தில் கோவும் சேர்ந்தன. ஒவ்வொரு முறையும் கீழே கேட்பவர்களின் நீண்ட வரிசை. மேலே ஆராய்ந்து ஆவன செய்வதாக ஒரு பதில்.

நிறுவனத்தின் பக்கத்து நியாயத்தையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஒரு மொழிக்கு இடமளிப்பது பெயர்ப்பலகையில் ஒரு வரி கூட்டுவது போன்றதன்று. அம்மொழியின் பாதுகாப்பு ஓட்டைகள் வெளிப்படுந்தோறும் அவற்றை அடைக்க வேண்டும். புதிய பதிப்பு வந்தால் சோதிக்க வேண்டும். பழைய பதிப்புக்கு விடைகொடுக்க வேண்டும். நள்ளிரவில் அது இடறி விழுந்தால் எழுந்து பார்க்க ஓர் ஆள் வேண்டும். பைதனின் 2.7 ஆம் பதிப்பை அதன் ஆக்குநர்களே 2020 சனவரி 1 உடன் கைவிட்டனர். அதை நம்பியிருந்த சேவைகளும் அதன் பின்னர் ஒன்றன்பின் ஒன்றாகக் கதவடைத்தன. வைத்திருப்பதற்கும் உழைப்பு, விடுவதற்கும் உழைப்பு. ஆகவே ‘என் மொழியையும் சேர்’ என்று கேட்கிறவன், அறிந்தோ அறியாமலோ, முன்பின் தெரியாத ஒரு தொழிலாளியின் இரவு நேரத்தைக் கேட்கிறான். இதை மறந்துவிட்டுக் கேட்கப்படும் உரிமையில் ஏதோ குறையிருக்கிறது என்றே நாம் கருதுகிறோம்.

எனினும் அவ்வுழைப்பை எந்த மொழிக்கு ஒதுக்குவது என்று தீர்மானிக்கும் முறையைக் கவனித்தால், நியாயம் அவ்வளவு எளிதில் முடிந்துவிடவில்லை. ‘எத்தனை பேர் கேட்டார்கள்?’ என்று எண்ணுகிறார்கள். எண்ணுவது சனநாயகந்தானே என்பார் சிலர். யாரை எண்ணுகிறார்கள் என்பதே நம் கேள்வி. ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டவன், ஆங்கிலத்தில் மனு எழுதத் தெரிந்தவன், கடன் அட்டை வைத்துக் கணக்குத் திறந்தவன்: இவனுடைய வேண்டுகோள்தான் எண்ணிக்கையில் ஏறும். தன் மொழிக்கு இடமில்லை என்று கண்டு வாசலிலேயே திரும்பியவன் எந்தக் கணக்கிலும் வருவதில்லை. அவன் கேட்கவில்லை என்பதால் அவனுக்குத் தேவையில்லை என்று எழுதிக்கொள்கிறார்கள்.

மலையக மக்களுக்கு இந்த எண்கணிதம் பழக்கமானது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. மறு ஆண்டில் வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் ‘விண்ணப்பித்துப் பெற்றுக்கொள்’ என்றது. மணமானவர் ஏழாண்டும், மணமாகாதவர் பத்தாண்டும் இடையறாது இந்நாட்டில் வசித்ததை நிரூபிக்க வேண்டும். தோட்டத்து லயத்தில் பிறந்து, தோட்டத்து லயத்தில் வளர்ந்து, எந்தப் பதிவேட்டிலும் ஒழுங்காக எழுதப்படாத ஒருவர் எதைக் காட்டி நிரூபிப்பார்? சான்று வைத்துக்கொள்ள விடாத அமைப்பே சான்று எங்கே என்று கேட்டது. பிறகு 1964 ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 மனிதரை எடுத்து, 525,000 இந்தியாவுக்கு, 300,000 இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று பங்கு பிரித்தது. 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரை இக்கணக்கு முற்றாகத் தீரவில்லை. ஐம்பத்தைந்து ஆண்டுக்காலம் ஒரு மக்கட் கூட்டம் விண்ணப்பதாரராகவே வாழ்ந்தது.

மொழி விடயத்திலும் அப்படித்தான். 1956 இன் தனிச் சிங்களச் சட்டத்துக்குப் பின், 1987 இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாகும் என்றது. 1988 இன் பதினாறாம் திருத்தம் அதைச் செயற்படுத்தும் விதிகளைத் தந்தது. சிங்களம் நிருவாக மொழியாக உள்ள பகுதியிலும் ஒருவர் தமிழில் எழுதித் தமிழில் பதில் பெற உரித்துடையவர் என்று அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை தெளிவாகவே கூறுகிறது. பிரதேசப் பிரிவொன்றில் மொழிச் சிறுபான்மையினரின் விகிதத்தைக் கருதி அப்பிரிவையே இருமொழிப் பிரிவாக்கும் அதிகாரத்தையும் அது சனாதிபதிக்கு அளிக்கிறது. நுவரெலியாவில் மக்கள் அடர்ந்து வாழ்கின்றனர். விகிதம் தானாகவே பேசுகிறது. சப்ரகமுவவிலோ தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. இங்கே ஐம்பது குடும்பம், அப்பால் எண்பது குடும்பம் என்றிருந்தால் விகிதம் வாய் திறக்காது. தேவை குறைந்ததா? ஒரு தாய்க்குத் தன் பிள்ளையின் மருந்துச் சீட்டைப் புரிந்துகொள்ளும் தேவை, அவளைச் சுற்றி எத்தனை தமிழர் வாழ்கின்றனர் என்பதைப் பொறுத்துக் கூடிக் குறைவதில்லையே.

இவ்விடத்தில் ஒரு வலுவான மறுப்பு எழும். ‘ஒரு தாயின் மொழியையும் ஓர் இயந்திர மொழியையும் ஒரே தராசில் வைக்கலாமா? பிஎச்பி யாருக்கும் தாய்மொழியன்று. அதில் யாரும் தாலாட்டுப் பாடவில்லை. அங்கே இடமில்லையென்றால் மூன்று மாதத்தில் பைதன் கற்றுக்கொள்ளலாமே!’ இம்மறுப்பின் பெரும்பகுதியை நாம் ஏற்கிறோம். தமிழில் முறைப்பாடு எழுத மறுக்கப்படுவதும், ஒரு செய்நிரல் மொழி புறக்கணிக்கப்படுவதும் ஒரே அநீதியல்ல. முன்னதில் மனிதன் அவமதிக்கப்படுகிறான். பின்னதில் அவனுக்கு வசதிக்குறைவு. இவ்விரண்டையும் குழப்புவது தோட்ட மக்களின் துயரத்தை மலிவாக்குவதாகும்.

ஆயினும் ‘மூன்று மாதத்தில்’ என்ற சொல்லில் நாம் தடுக்கிக்கொள்கிறோம். யாருடைய மூன்று மாதம்? நம் நாட்டின் சாதாரண தரப் பாடநூலில் நெடுங்காலம் கற்பிக்கப்பட்ட செய்நிரல் மொழி பாஸ்கல். உயர்தரத்தில் பைதன் வருகிறது. இணையத்தளம் அமைக்கும் பகுதியில் பிஎச்பி வருகிறது. தோட்டத்துப் பாடசாலை மாணவன் ஒருவன் சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தினால், அவன் கையில் மிஞ்சும் மொழி பாஸ்கல்தான். பெரிய நிறுவனங்கள் எதன் பட்டியலிலும் அது அதிகாரபூர்வமாக இல்லை. கொழும்பில் வீட்டிலேயே கணினியும் அகன்ற இணைப்பும் உள்ள மாணவனுக்கு மூன்று மாதம் என்பது ஒரு விடுமுறைக்காலம். பாடசாலையின் ஒரே கணினி அறையில், வாரத்துக்கு இரண்டு பாடவேளையில், இருவர் மூவராக ஒரு திரையைப் பார்த்துக் கற்கிறவனுக்கு அது ஓராண்டு. வீட்டில் அவனுடைய கூலியும் தேவைப்பட்டால் அந்த ஓராண்டும் கிடைக்காது. கற்ற மொழியும் ஒருவகையில் சேமிப்பே. சேமிப்பு அதிகமுள்ளவன் ஒன்றை இழந்து மற்றொன்றுக்கு மாறலாம். ஒன்றே உள்ளவனிடம் ‘மாறிக்கொள்’ என்று சொல்வது வேறு வகையான பேச்சு.

இனி, 2018 நவம்பரில் நிகழ்ந்த ஒரு மாற்றத்தைப் பார்ப்போம். நம் கேள்விக்கு அதுவே மிகவும் பயன்படுகிறது. லம்டா சேவையில் அமேசான் ரூபி மொழியைச் சேர்த்துக்கொண்டதோடு, வேறொரு வாசலையும் திறந்தது. எந்த மொழியையும் எவரும் தாமே கொண்டுவந்து ஓட்டலாம். அதற்கான இடைமுகத்தின் விதிகளை வெளியிடுகிறோம் என்றது. விதியும் எளியதுதான். கொண்டுவரப்படும் நிரல், குறித்த முகவரியில் ‘அடுத்த வேலை என்ன?’ என்று கேட்க வேண்டும். கிடைத்த வேலையைச் செய்து, விடையை மற்றொரு முகவரியில் ஒப்படைக்க வேண்டும். மீண்டும் வந்து கேட்க வேண்டும். பிரட்டுக்களத்தில் வேலை வாங்கி, மாலையில் கொழுந்து நிறுத்துக் கொடுப்பது போல! எந்த மொழியில் அந்த வேலை நடந்தது என்பதை எவரும் கேட்பதில்லை.

ஒரு மொழியைச் சேர்ப்பதற்கும், மொழியைப் பற்றியே கேட்காத வாசலைத் திறப்பதற்கும் அடிப்படையில் வேறுபாடு உண்டு. முன்னதில் கொடுப்பவன் கொடுப்பவனாகவும் கேட்பவன் கேட்பவனாகவும் நீடிக்கின்றனர். இன்று ரூபிக்காரன் பெற்றான். நாளை மற்றொருவன் அதே படியில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்பான். பின்னதில் கேட்க வேண்டிய அவசியமே நீங்குகிறது. ஒரு வேண்டுகோள் நல்ல வேண்டுகோளா என்று அறிய நமக்கு ஓர் உரைகல் அகப்படுகிறது: அது நிறைவேறிய பின் அடுத்தவன் மீண்டும் கேட்க வேண்டியிருக்கிறதா, இல்லையா? ‘எனக்கு மட்டும் ஒரு மொழிபெயர்ப்பாளரைத் தாருங்கள்’ என்ற மனுவும், ‘இவ்வலுவலகத்தின் எல்லாப் படிவமும் இருமொழியில் இருக்கட்டும்’ என்ற மனுவும் இந்த இடத்தில்தான் பிரிகின்றன.

ஆனால் வாசல் திறந்த கதையும் முழு மகிழ்ச்சியில் முடியவில்லை. ‘நீயே கொண்டு வா’ என்ற சொல் எல்லோர் காதிலும் ஒரே மாதிரி ஒலிப்பதில்லை. அந்த அறிவிப்பின்போதே கோபோல் மொழிக்கு ஒரு பங்காளி நிறுவனம் ஆயத்தமாக நின்றது. கோபோல் வங்கிகளின், காப்புறுதி நிறுவனங்களின் பழம்பெரும் மொழி. அதைத் தூக்கிவரச் சுமைகூலி கொடுக்க ஆள் உண்டு. பிஎச்பிக்கும் அன்று ஒரு பங்காளி தோன்றியதுண்டு. ஆயினும் இன்றளவும் அம்மொழியினர் பெரிதும் நம்பியிருப்பது ‘பிரெஃப்’ என்னும் திறந்தமூலத் திட்டத்தைத்தான். பிரான்சு நாட்டவராகிய மத்தியூ நப்போலி தொடங்கி, பலர் கைகொடுத்து வளர்த்தது அது. பாஸ்கலுக்கு அப்படி ஒரு கூட்டமும் சேரவில்லை. வாசல் எல்லோருக்கும் ஒன்று. ஏறிவரும் மலை ஒன்றல்ல. 22 ஆம் உறுப்புரையும் அத்தகைய ஒரு வாசலே. தமிழில் எழுதலாம் என்கிறது சட்டம். படித்துப் பதில் எழுதும் உத்தியோகத்தர் நாற்காலியில் இல்லாதபோது, கடிதத்தைக் கொண்டுபோனவரே மொழிபெயர்க்கவும் ஓர் ஆளைத் தேடிக்கொண்டு போகிறார். உரிமையைக் கொடுத்து, அதை நடத்தும் செலவை உரியவன் தலையிலேயே ஏற்றுவது நம் காலத்து அரசுகளும் நிறுவனங்களும் ஒருங்கே கற்றுக்கொண்ட வித்தை.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். இப்படிப் பாடுபட்டு உள்ளே நுழைந்தவன் எளிதில் வெளியேற முடியாது. அந்நிறுவனத்தின் இடைமுகத்துக்கேற்ப வெட்டித் தைத்த நிரல் வேறு நிறுவனத்தில் அப்படியே ஓடுவதில்லை; பக்கத்திலுள்ள களஞ்சியம், வரிசை, அஞ்சல் என எல்லாவற்றோடும் அது பிணைந்திருக்கும். தோட்டங்களில் முன்னொரு காலம் ‘துண்டு’ என்று ஒன்று இருந்தது. தொழிலாளியின் பெயரில் எவ்வளவு கடன் உண்டு என்று எழுதிய சீட்டு. அக்கடனைத் தீர்த்தாலொழிய வேறு தோட்டம் அவனை எடுக்காது. கடன் பெரும்பாலும் கங்காணியின் கணக்கில் வளர்ந்தது. 1921 இல் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. கணினித் துண்டை ஒழிக்கும் சட்டம் பற்றி நெடுங்காலம் பேச்சுகள்தாம் அங்கங்கே கேட்டன. ஆகவே மொழிக்கு இடம் கேட்கும் மனுவின் இரண்டாம் வரியாக, ‘போக விரும்பினால் போகும் வழி’ என்பதையும் எழுதுவதே அறிவுடைமை என்போம். வரவேற்பு மிகுந்த வீட்டில் பின்கதவு எங்கே என்று பார்த்துவைப்பது நன்றிகேடாகாது.

தனியாருடைய இடத்தில் நாம் எவ்வளவு கேட்டாலும் அது இறுதியில் வாடிக்கையாளரின் வேண்டுகோளே, அவர் மறுக்கலாம். பொது இடத்தில் அப்படியன்று. அரச திணைக்களங்களின் மின்னணுச் சேவைகளுக்கென ‘லங்கா அரசாங்க மேகம்’ என்ற பொதுக் கணினிக் கட்டமைப்பு மக்கள் பணத்தில் அமைக்கப்பட்டது. அத்தகைய இடத்தில் எந்தச் செய்நிரல் மொழி, எந்த மனித மொழி, எந்த எழுத்துரு என்று தீர்மானிக்கையில் பாடசாலையில் எதைக் கற்பிக்கிறோம் என்பதையும் சேர்த்துப் பார்க்கும் கடமை அரசுக்கு உண்டு. கேரளத்தில் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ‘ஐடி அட் ஸ்கூல்’ திட்டம் வந்தபோது, ஆசிரியர் இயக்கங்களும் அறிவியல் இயக்கத்தினரும் வாதாடியதன் பின்னரே பாடசாலைகள் கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. அங்கே எவரும் தனித்தனியே மனு எழுதிக்கொண்டிருக்கவில்லை. தனி மனுவின் பலவீனத்தைத் தோட்டங்களும் அறியும். கோ. நடேசய்யர் 1931 இல் தொழிலாளர் சம்மேளனம் அமைத்ததற்கு முன், துரையின் பங்களா வாசலில் தனித்து நின்ற கூலியின் கோரிக்கை எந்தக் கூடைக்குப் போயிற்று என்பதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

தமிழிலேயே செய்நிரல் எழுதும் முயற்சிகளும் உண்டு என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். முத்து அண்ணாமலை ஆக்கிய ‘எழில்’ அவற்றுள் ஒன்று. அதைப் பற்றிய கட்டுரை 2009 இல் வெளிவந்தது. திரையில் எழுத ‘பதிப்பி’ என்று ஆணையிடலாம். நிபந்தனையை முதலில் கூறி, ‘ஆனால்’ என்ற சொல்லைப் பின்னே வைக்கலாம். தமிழ் வாக்கியம் அப்படித்தானே நடக்கிறது! இதனால் உலகம் தலைகீழாகிவிடும் என்று நாம் சொல்லவில்லை. பெரிய தொழிற்றுறை நிரல்களை எவரும் அதில் எழுதப்போவதில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு ஆங்கிலச் சொல் ஒரு சுவராக நிற்கும் அந்த முதல் மாதத்துக்கு அது போதும். எழில் பைதனில் எழுதப்பட்டது. ஆகவே பைதனுக்கு இடமளித்த எந்தச் சேவையிலும், பைதனின் விருந்தினனாக அதைக் குடியேற்ற முடியும். குடியிருப்பவன் வீட்டில் ஒரு குடியிருப்பு! எனினும் ஓடும்.

பாஸ்கலுக்கும் வழியில்லாமலில்லை. கட்டற்ற பாஸ்கல் தொகுப்பி லினக்சு இயந்திரத்தில் நேரே ஓடக்கூடிய நிரலை ஆக்கித் தருகிறது. 2018 இல் திறந்த வாசலின் விதிகளுக்கேற்ப வேலை கேட்டு விடை ஒப்படைக்கும் சில நூறு வரிகளை அதன் முன்னே சேர்த்தால் அது உள்ளே நுழைந்துவிடும். அந்தச் சில நூறு வரிகளை ஒருவர் ஒருமுறை எழுதினால் போதும். பல்கலைக்கழகங்களில் கணினி பயிலும் மாணவ நண்பர்களுக்கு அது ஒரு பருவத்துச் செயற்றிட்டத்தின் அளவுகூட இல்லை. எழுதுபவர் அதன் விளக்கத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிவைக்கட்டும். குருவிட்டவில் றப்பர்ப் பால் வெட்டும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைக்கும், பக்கத்துக் கிராமத்துச் சிங்களக் குடும்பத்துப் பிள்ளைக்கும் சாதாரண தரத்தில் கிடைத்தது ஒரே பாஸ்கல்தான்.